அந்தப் பதிவேட்டில் ஒரு உண்மை

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற பிறகும் இந்த டீச்சர் வகுப்பெடுப்பதை விடவில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை, முழுசாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பாலக்கோடு பக்கம் நான் 29 வருடம் வேலை பார்த்த சின்ன சி.எஸ்.ஐ. உதவிபெறும் தொடக்கப் பள்ளியின் பார்வைப் பதிவேட்டில் ஒரு பக்கம். அதிகாரி வந்து பார்த்துவிட்டு எழுதியிருந்த குறிப்பு அது. மூன்றாம் வகுப்பில் வருகை 8. பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னதில் தடையின்றி வாசித்தவர்கள் 2. கற்றல் அடைவு திருப்திகரமாக இல்லை. தலைமையாசிரியர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்கவும்.

பள்ளிக்கூடப் பதிவேட்டைப் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டது யாரென்று தெரியவில்லை. போட்டது தப்பு. அதைவிட, அதற்குக் கீழே ஓடிய பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "மிஷன் ஸ்கூலே இப்படி ஆயிடுச்சா?" என்றார் ஒருவர். "முப்பத்து சொச்சம் பிள்ளைங்களுக்கு ரெண்டு டீச்சர் சம்பளம் தண்டம், மூடிட்டு வேன் விடச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர். இதை எழுதியவர் என்னிடம் படித்தவர்தான். இன்று ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறார்.

நான் குழுவில் பதில் எதுவும் போடவில்லை. எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். என் காலத்தில் அதே பதிவேட்டில் என்னென்ன எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். "வாசிப்பு நன்று", "மாணவர் அடைவு மனநிறைவு அளிக்கிறது", "ஆசிரியர்களின் உழைப்பு பாராட்டத்தக்கது". வருடா வருடம் இதே மூன்று வரிகள், கையெழுத்து மட்டும் மாறும். வாசிப்பைப் பற்றி அந்தப் பதிவேட்டில் எழுதப்பட்ட முதல் உண்மை, இந்த ஜனவரி மாதம் எழுதியதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காகப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம். ஓட்டுக் கட்டடம், ஒரு பெரிய கூடம், ஒரு சின்ன அறை, வாசலில் வேப்பமரம், பக்கத்தில் கோயில். சர்ச்சைத்தான் எங்கள் ஊரில் கோயில் என்பார்கள். "வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம்" என்றும் சொல்வார்கள். எங்கள் பக்கம் முதலில் வந்தது ஆங்கிலிக்கன் சபை இல்லை, லண்டன் மிஷன். 1827-ல் சேலத்துக்கு வந்தவர்கள், அங்கிருந்துதான் இந்தப் பக்கமெல்லாம் பரவினார்கள். ஆங்கிலிக்கன் பள்ளிகள் என்றால் அது திருநெல்வேலிச் சீமை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்று சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது, எங்கள் மாதிரிப் பள்ளிகளும் அந்தக் குடைக்குக் கீழே வந்தன. நான் கிறிஸ்தவள் இல்லை. அந்தக் கூடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததும் இல்லை. பிள்ளைகளிலும் பாதிக்கு மேல் வேறு வீட்டுப் பிள்ளைகள்தான்.

இப்போது மொத்தம் 34 பேர். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலைக் கணக்குப்படி அது சரி. ஐந்து வகுப்புக்கு ஐந்து தமிழ்ப் பாடம் இருக்கிறதே, அதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் அதிகாரி எழுதியதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

1994. ஆண்டாய்வு என்றால் அப்போது திருவிழா. பத்து நாளைக்கு முன்பே சுண்ணாம்பு அடித்து, தளவாடச் சாமான்களுக்கு எண் போட்டு, சேர்க்கை நீக்கப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மருத்துவ ஆய்வுப் பதிவேடு எல்லாவற்றுக்கும் காக்கித் தாளில் அட்டை போடுவோம். முக்கியமான வேலை வேறு. நாலாம் வகுப்பில் நன்றாகச் சொல்லக்கூடிய ஆறு பிள்ளைகளைப் பிரித்து எடுத்து, ஆளுக்கொரு பாடத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்ய வைப்பேன். அதிகாரி கேட்டால் இந்தப் பாடத்துக்கு இவள், அந்தப் பாடத்துக்கு அவன். எனக்கு முன்பிருந்த தலைமையாசிரியர் சொல்லிக்கொடுத்த வித்தை. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

அந்த வருடம் வந்த ஏ.இ.ஓ. நல்ல மனிதர். ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணி மாதிரி வாசித்தாள். நான் பூரித்துப்போய் நிற்கிறேன். அவள் விரல் இரண்டாவது வரியில் இருக்கிறது, வாய் நாலாவது வரிக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மதியம் டீ குடிக்கும்போது மெதுவாக, "அந்தப் பொண்ணு கண்ணு புத்தகத்துலயே இல்லீங்க டீச்சர்" என்றார். "அப்படியே எழுதினா உங்க மானியத்துக்குக் கேள்வி வரும், சின்ன ஸ்கூல், எதுக்கு. நான் எழுதல." எழுதியது "வாசிப்பு நன்று".

அன்று வீட்டுக்குப் போய் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

2012-ல் அதே பெண் தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவள் தன் பெயரை எழுதிய விதத்தைப் பார்த்து என் கை நின்றுவிட்டது. எழுத்துக்குப் பின் எழுத்தாக எழுதவில்லை. முதலில் எல்லாக் கொம்புகளையும் போட்டுக்கொண்டு, பிறகு நடுவில் உள்ள எழுத்துகளை நிரப்பினாள். புள்ளி வைத்துக் கோலம் போடுவார்களே, அப்படி. ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளி. மேலே கீழ்வீதி நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம். அப்புறம் தக்காளி பறிக்கப் போய்விட்டாள். "உனக்குத்தான் பாடமெல்லாம் தலைகீழாத் தெரியுமே கண்ணு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "இப்பவும் சொல்லுவேன் டீச்சர், நீங்கதான மனப்பாடம் பண்ண வெச்சீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லியும் காட்டினாள், ஒரு சொல் பிசகவில்லை.

அந்த ஏ.இ.ஓ. 1994-ல் உண்மையை எழுதியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கலாம். ஒரு மாதம் தூக்கம் கெட்டிருக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றரை வருடம் எங்கள் கூடத்தில் மிச்சம் இருந்தது. ஒன்றரை வருடம் என்பது ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கத் தாராளமான காலம். எங்கள் இரண்டு பேருடைய நல்ல மனசும் சேர்ந்து அந்தக் காலத்தைத் தின்றுவிட்டது.

இது பாலக்கோட்டு வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் வாசித்ததில்தான் தெரிந்தது, இதற்கு நூற்றைம்பது வருடப் பாரம்பரியம் இருக்கிறது. 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு சட்டதிட்டம் கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதிப்பார். அதை வைத்துத்தான் பள்ளிக்கு மானியம். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு, 8 ஷில்லிங் பரீட்சைக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆங்கிலிக்கன் சபையின் பள்ளிகள். கிராமத்துப் பாதிரியாரின் கையைக் கடிக்கும் கணக்கு இது. என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? பிள்ளைகள் புத்தகத்தை முழுசாக மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையில்லாமல் "வாசித்த" பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்துக் கதைகள் நிறைய. மாத்யூ ஆர்னால்ட் என்ற கவிஞர் 1851-லிருந்து 35 வருடம் அங்கே பள்ளி ஆய்வாளராக இருந்தவர். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே இந்த முறையை எதிர்த்து எழுதினார். நம் மெட்ராஸ் மாகாணத்துக்கும் 1860-களில் இதே முறை வந்தது. மிஷன் பள்ளிகளும் திண்ணைப் பள்ளிகளும் தேர்ச்சிக்குத் தகுந்த மானியம் வாங்கின. 1904-ல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானத்தில்தான் இது வேண்டாம் என்று முடிவானது. சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 1994-ல் என் கூடத்தில் அது உயிரோடுதான் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் தொடக்கப் பள்ளிகளே நம் சென்னையிலிருந்து போன சரக்குதான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் எழும்பூரில் ராணுவ அநாதைப் பையன்களின் விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஒரு நாள் குதிரையில் போகும்போது ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். அவர்கள் அப்போது தமிழை "மலபார்" என்று சொல்வார்கள், அது வேறு கதை. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நம் சட்டாம்பிள்ளை முறை. பெல் அதைத் தன் பள்ளியில் செய்து பார்க்கச் சொன்னபோது அவருடைய ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களை விட்டுவிட்டு எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். நடந்தது. 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 1811-ல் ஆங்கிலிக்கன் சபை ஏழைகளுக்கான பள்ளிச் சங்கம் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது இந்த "மெட்ராஸ் முறை"யைத்தான். இன்றும் அங்கே நாலு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று அந்தச் சபையைச் சேர்ந்தது.

திண்ணைப் பள்ளியைப் புகழ வரவில்லை. அங்கே யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பிரம்பும் தெரியும். ஆனால் அந்த மணலில் ஒரு நல்லது இருந்தது. ஒவ்வொரு பிள்ளை எழுதுவதையும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவர் பார்த்தார்கள். தப்பாக எழுதினால் அந்த நிமிடமே அழித்துத் திருத்தினார்கள். என் நாலாம் வகுப்புப் பெண் தினமும் என் கண்ணெதிரே இருந்தாள். அவள் வாசிப்பதை ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேனா என்றால் இல்லை. வருடத்தில் ஒரு நாள் வந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தது எனக்குத் தெரியாமல் போனதற்கு வேறு காரணம் இல்லை.

சரி, இப்போது அந்த "8-க்கு 2". குழுவில் பலரும் அதை "25 சதவீதம்" ஆக்கி, "ஃபெயில் ஸ்கூல்" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். எட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது பன்னிரண்டரை சதவீதம். ஒரு குடும்பம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனால் எங்கள் "அடைவு" ஏறும், திரும்பி வந்தால் இறங்கும். அடுத்த வருடம் நாலு சூட்டிகையான பிள்ளைகள் சேர்ந்தால் பள்ளி மாவட்டத்திலேயே முதலிடம் என்று பேனர் வைப்பார்களா? பிள்ளைகள் மிகவும் குறைவாக உள்ள பள்ளி என்றால் இங்கிலாந்தில் சதவீதத்தை வெளியிடுவதே இல்லை, மறைத்துவிடுகிறார்கள்.

ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால் இதையும் பாருங்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்கும் 'அசர்' ஆய்வில், 2022-ல் தமிழ்நாட்டுக் கிராமங்களின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். இருபது பேரில் ஒருவர். 2018-லேயே 10.2 தான். தனியார் பள்ளிப் பிள்ளைகளும் இதில் அடக்கம். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. அதிகாரி கொடுத்த பகுதியும் 'அசர்' பகுதியும் ஒன்றில்லை, அதனால் எங்கள் பள்ளி மாநிலத்தை மிஞ்சிவிட்டது என்று நான் மார்தட்டவில்லை. "மிஷன் ஸ்கூலே இப்படியா" என்று கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், இது ஒரு ஓட்டுக் கட்டடத்தின் வியாதி இல்லை.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலம் 80 சதவீதம், நாம் 68.54. அதில் விட்டுப்போனவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பு "முடித்தவர்கள்" என்று நான் யோசிப்பதுண்டு.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் எனக்குப் பிடித்தது, பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அது குற்றம் இல்லை, அங்கிருந்து தொடங்கு என்று சொன்னது அது. என் காலத்தில் இப்படிச் சொல்ல எங்களுக்குத் தைரியம் கிடையாது. ஆனால் ஒரு பக்கம் அரும்பு என்று குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் அரும்பு இருப்பதற்கு விளக்கம் கேட்டால் அடுத்த வருடம் பதிவேட்டில் எல்லாம் மலராகத்தான் இருக்கும். பூந்தோட்டமே இருக்கும்.

காலை உணவு அரசுப் பள்ளிகளில் தொடங்கியது 2022 செப்டம்பர் 15. எங்களைப் போன்ற கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது 2024 ஜூலை 15. நடுவில் இரண்டு வருடம், ஒரே தெருவில் அண்ணன் நடுநிலைப் பள்ளியில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தான், தங்கை எங்கள் பள்ளியில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தாள். அந்த இரண்டு வருடத்தின் அடைவு என்னவென்று யாரிடம் விளக்கம் கேட்பது?

நிர்வாகத்தையும் விட மாட்டேன். எந்தச் சபையாக இருந்தாலும் சரி, கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பள்ளிக்குப் புதுக் கட்டடம், பேருந்து, கணினி அறை எல்லாம் வருகிறது. உதவிபெறும் சின்னப் பள்ளிக்கு மழை பெய்தால் ஓடு மாற்ற மூன்று கடிதம் எழுத வேண்டும். ஒரு பணியிடம் காலியானால் நிரம்புவதற்குள் ஒரு தலைமுறை ஐந்தாம் வகுப்பு தாண்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் யாரும் எட்டிப்பார்க்காத வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்களுடைய முன்னோர்கள். அதை நூற்றாண்டு மலரில் மட்டும் அச்சடித்தால் போதாது.

இங்கிலாந்தில் அண்மையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஆய்வு முடிந்ததும் பள்ளிக்கு ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்துவது அங்கே வழக்கமாக இருந்தது. 2022 நவம்பரில் ரெடிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆய்வு. கற்பித்தல் நன்று, பிள்ளைகளின் நடத்தை நன்று என்று வந்தது. ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்பு தொடர்பான நடைமுறைகளில் குறை கண்டு, தலைமை போதாது என்று சொல்லி, மொத்தப் பள்ளிக்கும் "போதாது" என்ற முத்திரை விழுந்தது. தலைமையாசிரியை ரூத் பெர்ரி 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வு அவர் சாவுக்கு ஒரு காரணம் என்று அதே வருடம் டிசம்பரில் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். 2024 செப்டம்பரில் அந்த ஒற்றைச் சொல் முத்திரையை அரசு எடுத்துவிட்டது. சாக வேண்டியிருந்தது ஒருவர், அதற்கு.

நம் ஊரில் அந்த முத்திரையை வாட்ஸ்அப் குழு குத்துகிறது. அதிகாரி எழுதியது நாலு வரி. அதில் இரண்டு வரி உண்மை, மிகவும் தேவையான உண்மை. புதிய பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாரே, அதற்காகவே அவருக்கு நான் கைகூப்புவேன். மனப்பாட வித்தை அவரிடம் எடுபடாது. எனக்குச் சண்டை கடைசி வரியோடுதான். "விளக்கம் அளிக்கவும்" என்ற சொல்லைப் பார்த்தாலே ஆசிரியருக்கு வரும் முதல் நினைப்பு, அடுத்த முறை இவரிடம் எப்படித் தப்பிப்பது என்பது. அதற்குப் பதில், "இந்த ஆறு பேருக்கு என்ன வேண்டும்? மூன்று மாதத்தில் மறுபடி வருகிறேன், இதே ஆறு பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தால்? வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரை வாரத்துக்கு ஒரு நாள் அந்தக் கூடத்தில் உட்கார வைத்திருந்தால்? குழுவில் கசிந்த அந்தக் குறிப்பையே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் முறையாக வாசித்திருந்தால்? "உன் மகன் இன்னும் வாசிக்கவில்லை" என்பது ஊருக்குத் தெரிந்து, அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது.

இப்போது உள்ள தலைமையாசிரியை எனக்குப் பிறகு வந்தவர். அன்று இரவு போன் செய்தார். அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. "அக்கா, விளக்கத்துல என்ன எழுதறது?" வழக்கமாக எழுதும் வாசகம் எனக்கு மனப்பாடம். "மெல்லக் கற்போருக்குச் சிறப்புக் கவனம் செலுத்தி வருங்காலத்தில் அடைவை உயர்த்துவேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அதை எழுத வேண்டாம் என்றேன். ஆறு பேர் பெயரையும் எழுது, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் என்ன வராது, ஏன் வராது என்று எழுது. மறுநாள் நானும் போனேன். மதியம் முழுக்க ஆறு பேரையும் ஒவ்வொருவராக வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கேட்டோம்.

ஒருவனுக்கு எல்லா எழுத்தும் தெரியும், கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் மட்டும் தடுமாறுகிறான். "தொட்டி"யை "தெட்டி" என்கிறான். எழுத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. முன்னால் நிற்பதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்பது அந்த வயதுக்குச் சின்ன விஷயம் இல்லை. பத்து நாள் வேலை, அவ்வளவுதான். இன்னொரு பெண் வீட்டில் தெலுங்கு. எங்கள் பக்கம் ஊர்ப் பெயரே பாதி "அள்ளி" என்று முடியும், தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. "நெல்" என்று எழுத்துக் கூட்டிவிட்டு அப்படியே நிற்கிறாள். அவளுக்கு அது "வட்லு". சொல் தெரியாததால் தான் வாசித்தது சரியா என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. மூன்றாவது பையன் நவம்பரில்தான் பெங்களூரிலிருந்து வந்தவன். தன் பெயரைக் கன்னடத்தில் அழகாக எழுதிக் காட்டினான். அவனைப் போய் எழுதப் படிக்கத் தெரியாதவன் கணக்கில் சேர்த்திருக்கிறது. நாலாவது பிள்ளை புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிக்கிறது. கண்ணாடி போட வேண்டிய பிள்ளை, இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. ஐந்தாவது பெண் பாதி நாள் வருவதில்லை. அம்மா தக்காளி பறிக்கப் போனால் தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது பெண்ணுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கண் நன்றாக இருக்கிறது, வீட்டில் தமிழ், தினமும் வருகிறாள், சூட்டிகையாகப் பேசுகிறாள். முதல் வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தே மூன்றாம் வகுப்பு வந்துவிட்டாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இவ பேருக்கு நேரா என்னக்கா எழுதறது?" என்றார் தலைமையாசிரியை. "காரணம் இல்லை, நாங்கள் கவனிக்கவில்லை, ஏப்ரலுக்குள் வாசிக்க வைக்கிறோம்னு எழுது" என்றேன்.

"மெமோ வருமேக்கா?"

வரலாம். எனக்கென்ன, மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடுகிறது, சொல்வது சுலபம். அவருக்கு இன்னும் பதினோரு வருடம் சர்வீஸ். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். நான் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். "நாங்கள்" என்பதை அடித்துவிட்டு "நான்" என்று போட்டார். ஒன்றரைப் பக்க விளக்கம் தபாலில் போய் இரண்டு வாரம் ஆகிறது, பதில் வரவில்லை.

செவ்வாய், வியாழன் மதியம் நான் அங்கே போகிறேன், ஆறு பேருக்காக. தொட்டி இப்போது தொட்டியாகிவிட்டது. கண் சோதனைக்கு பாலக்கோடு அரசு மருத்துவமனைக்கு இந்தச் சனிக்கிழமை கூட்டிப்போகிறோம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து சும்மா கிடக்கும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் இருந்தால் கொடுங்கள், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி இருந்தால் நல்லது, படம் இருந்தால் இன்னும் நல்லது. பாடப் புத்தகம் வேண்டாம், அதில் பாதி அவர்களுக்கு மனப்பாடம்.